லாட்ஜ் மாடியில் ஒரு கல்லூரி

கழக்கூட்டத்தில் கண்ணாடிச் சுவர்களோடு நிமிர்ந்து நிற்கும் அந்தக் கல்லூரி பல்கலைக்கழகம் ஆகிவிட்டது. மறுநாள் விழா. பதிவாளர் ஜெயலக்ஷ்மியோ தலைக்குமேல் கிடந்த வேலையைப் போட்டுவிட்டு, தம்பானூரில் ரயில் நிலையத்தை ஒட்டிய ஒரு பழைய லாட்ஜில் உட்கார்ந்து கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, குத்துவிளக்குல ஒரு திரி நீங்கதான் ஏத்தணும். சண்டை போட்டு சம்மதம் வாங்கியிருக்கேன்."

"மந்திரி பக்கத்துல நானா? நல்ல கூத்து! போ மக்களே," என்றாள் லாட்ஜ் முதலாளியம்மா ரத்னாபாய்.

பல்கலைக்கழகம் பிறந்தது இந்த மாடியில்தான். முப்பது வருஷத்துக்கு முன்னால், இடமில்லாமல் அலைந்த கல்லூரிக்கு ரத்னாபாயும் அவள் கணவரும் இரண்டு அறைகளை ஒழித்துக் கொடுத்தார்கள். வாஷ்பேசினை ஒட்டிக் கரும்பலகை. ரயில் அறிவிப்பு வந்தால் வாத்தியார் வாயை மூடிக்கொள்வார். மூன்று மொழியிலும் அது முடிந்த பிறகுதான் பொருளாதாரம் தொடரும். விழா மலரில் இதைத் தேடினால் கிடைக்காது. மலர்க்காரர்களுக்கு லாட்ஜ் என்றாலே கூச்சம். கல்லூரி வானத்திலிருந்து நேராகக் கழக்கூட்டத்தில் குதித்த மாதிரி எழுதிவைத்திருந்தார்கள்.

அந்தக் கூச்சம் அன்றைக்கு ஊருக்கே இருந்தது. பெண்ணை லாட்ஜுக்குப் படிக்க அனுப்ப எந்த அப்பாவுக்கு மனசு வரும்? கோட்டை அக்கிரகாரத்திலிருந்து ஜெயலக்ஷ்மியின் அப்பா முதல் நாள் கூடவே வந்து மாடி ஏறினார். வகுப்பு வாசலில் நாற்காலி போட்டு, மடியில் கீரைக்கட்டோடு ரத்னாபாய் உட்கார்ந்திருந்தாள். "பொம்மனாட்டி ஒருத்தி காவலுக்கு இருக்காளே, அப்போ சரி," என்று அவர் இறங்கிப்போனார். மற்ற அப்பாக்களும் அவளைப் பார்த்துத்தான் சமாதானம் ஆனார்கள். படிப்பு முடிகிற வரைக்கும் அவள் அந்த வாசலை விட்டு நகரவில்லை.

"நீங்க காவல் இருக்கலேன்னா அப்பா அன்னிக்கே என்னை ஆத்துக்கு இழுத்துண்டு போயிருப்பார். எனக்குப் படிப்பே கெடையாது. அந்த நன்றியை நான் எப்படிக்கா சொல்றது?"

ரத்னாபாய் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "இதுனாலதான் மக்களே எனக்கு வரக் கூச்சம். நான் காவலுக்கு இருந்தேன்னு யாரு சொன்னா?"

"பின்னே?"

"பாடம் கேக்கல்லா இருந்தேன்! அஞ்சாங்கிளாசோட படிப்ப நிறுத்துனவ நான். சாரு பஞ்சத்தப் பத்தி, பேங்கப் பத்திச் சொல்லச் சொல்ல ஆசையாட்டு இருக்கும். உள்ள வந்தா எல்லாரும் சிரிப்பாவன்னு வாசல்ல இருந்தேன். கீரை சும்மா ஒரு சாக்கு. ஒங்க அப்பாமாரு காவல்னு நெனச்சாவ, நானும் விட்டுட்டேன். நன்றி நானாக்கும் சொல்லணும்."

இத்தனை காலம் யாரை நினைத்து உருகினாளோ, அவளை ஒருநாள்கூட உள்ளே கூப்பிடத் தோன்றவில்லையே என்று ஜெயலக்ஷ்மிக்கு வெட்கமாக இருந்தது. அதற்கும் மேலே, அந்த ஆசைக்காரிமேல் பிரியம் பொங்கியது.

"அப்போ விளக்கு வேண்டாம். எங்க பேட்ச்சோட வந்து உட்காருங்கோ."

ரத்னாபாய் எழுந்துபோய் அலமாரியைத் திறந்தாள். பிறகு கேட்டாள்: "எந்த சேலை கெட்டட்டும்?"

மறுநாள் மேடையில் பதிவாளரின் நாற்காலி காலியாகக் கிடந்தது. ஜெயலக்ஷ்மி கீழே, தன் வகுப்புக்காரர்களின் வரிசையில், ரத்னாபாய்க்குப் பக்கத்தில் இருந்தாள். திரிகளை மந்திரியும் துணைவேந்தரும் ஏற்றி முடித்தார்கள். முதல் பேட்ச் மாணவர்கள் எழுந்து நிற்க வேண்டும் என்று ஒலிபெருக்கி அழைத்தது. வழுக்கைத் தலைகளும் மூட்டுவலிக்காரர்களும் மெல்ல எழும்பினார்கள்.

எல்லாருக்கும் முந்தி எழுந்து நின்றவள் ரத்னாபாய். ஜெயலக்ஷ்மிதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசியாக எழுந்தாள்.