சீருடையோடு குதித்தவள்

நீச்சல் குளத்தின் ஓரத்துப் பெஞ்சிலிருந்து அவள் எப்போது எழுந்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. தண்ணீர் தெறித்த சத்தம் கேட்டுத்தான் மற்ற பெற்றோர் திரும்பினார்கள். ஆம்புலன்ஸ் நர்ஸ் ஒருத்தி, ஷூவும் சீருடையுமாகக் குளத்துக்குள் குதித்திருந்தாள்.

அவளுடைய ஒன்பது வயது மகள் தண்ணீருக்கடியில் மூச்சடக்கிப் பழகிக்கொண்டிருந்தாள். பயிற்சியாளர் பக்கத்திலேயே நின்று நொடிகளை எண்ணிக்கொண்டிருந்தார். நர்ஸ் மகளின் கையைப் பிடித்து இழுத்து, கரையில் மல்லாக்கப் போட்டு, நெஞ்சின்மேல் இரண்டு கைகளையும் வைத்துவிட்டாள்.

"அம்மா! எனக்கு ஒண்ணும் இல்ல! விடும்மா!"

கைகள் அப்படியே நின்றன. அழுத்தியிருந்தால் விலா எலும்பு என்னவாகியிருக்கும் என்பது அங்கிருந்த எல்லாரையும்விட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

ஏழு வாரங்களுக்கு முன், வேலையில் இருக்கும்போது, தண்ணீர்த் தொட்டியில் விழுந்த ஒரு சிறுமியின் நெஞ்சை அவள் நாற்பது நிமிடம் அழுத்திக்கொண்டிருந்தாள். பிழைக்கவில்லை. வீட்டுக்கு வந்து, "இன்னைக்கு வேலை ஜாஸ்தி" என்றாள், அவ்வளவுதான். பிறகு, மகள் குளிக்கும்போது தாழ்ப்பாள் போடக்கூடாது என்றாள். அதற்கப்புறம் வாளியில் தண்ணீரே பிடித்து வைக்கக்கூடாது என்றாள். தையல்காரரான கணவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அலுப்பு, தானாகத் தீர்ந்துவிடும் என்று நம்பினார்.

குளத்தில் குதித்த அன்று சாயங்காலம் மகளின் கையில் அம்மாவின் ஐந்து விரலும் பதிந்து கன்றிப்போயிருந்தது. அவள் அப்பாவின் தையல் மெஷினுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டாள். அம்மா கூப்பிட்டும் வரவில்லை.

"உங்க ஆபீஸ்ல மனநல டாக்டர் இருக்காங்கல்ல, போன் பண்ணிட்டேன். நாளைக்குப் பத்து மணிக்கு வரச் சொன்னாங்க," என்றார் கணவர்.

"யாரைக் கேட்டுப் பண்ணீங்க? லாயக்கில்லாதவன்னு என்னை ஓரங்கட்டிடுவாங்க. அப்புறம் ஜென்மத்துக்கும் ஆம்புலன்ஸ் வண்டியில ஏற முடியாது!"

"வண்டி கிடக்குது. புள்ள உன்னைப் பார்த்துப் பயப்படுறா. அது தெரியுதா உனக்கு?"

அவள் ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். கணவர் கதவை மறித்து நின்றார். பதினோரு வருஷத்தில் அவர் அவளை மறித்ததே இல்லை.

"நகருங்க."

"மாட்டேன். எங்க போறேன்னு சொல்லிட்டுப் போ."

எங்கே என்று அவளுக்கே தெரியவில்லை. அந்த நேரத்தில்தான் அழைப்பு மணி அடித்தது. வந்தவர் அவளுடைய ஆம்புலன்ஸ் டிரைவர். பிரேக்கே போடமாட்டார் என்பதால் எல்லாருக்கும் அவர் 'பிரேக் அண்ணன்'. கணவர்தான் அவருக்கும் சொல்லியிருந்தார்.

"சிஸ்டர், செவ்வாய்க்கிழமைல நான் எங்க போறேன்?"

"பல் டாக்டர்கிட்ட."

"ரெண்டு வருஷமா வாரா வாரம் போறதுக்கு எனக்கென்ன முதலைப் பல்லா? அந்த டாக்டரம்மாகிட்டதான் போறேன். பஸ் கவிழ்ந்த கேஸுக்கப்புறம் ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை நடுங்குச்சு. யாரும் என்னை ஓரங்கட்டலையே. இன்னைக்குக் காலைலகூட உங்களை உக்கார வெச்சு ஓட்டினேன்."

அவள் அவரையே பார்த்தாள். தினமும் எட்டு மணி நேரம் பக்கத்து சீட்டில் இருக்கும் மனுஷர்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேண்ணா?"

"நீங்க மட்டும் அந்தத் தொட்டிக் குழந்தையைப் பத்தி எங்கிட்ட பேசினீங்களா?"

அவள் சாவியோடு தரையில் உட்கார்ந்தாள். அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஓவென்று வெளியே வந்தது. கணவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மறுநாள் போனாள். முதல் முறை கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது முறை டாக்டர் அவளையும் கணவரையும் மகளையும் சேர்த்து வரச் சொன்னார். ஒரு மாதம் வண்டியில் ஏறவில்லை, அலுவலகத்தில் மருந்துப் பெட்டிகளைச் சரிபார்த்தாள். இரவில் அந்தச் சிறுமி வரும் கனவு நிற்கவில்லை, ஆனால் விழித்ததும் கணவரை எழுப்பிச் சொல்லப் பழகினாள்.

மகள்தான் கடைசியாக நெருங்கினாள். ஒரு ஞாயிறு மத்தியானம், எதிர்பாராமல் கேட்டாள்:

"அந்தப் பாப்பாவுக்கு என்ன வயசும்மா?"

"ஏழு," என்றாள் அம்மா. அப்புறம் முழுவதையும் சொன்னாள்.