லேத்தில் நடந்த நூல்

அன்று உருண்டைத் திருநாள். பிக்-ஹா கிண்ணம் நிறைய இனிப்புக் கஞ்சியோடு பட்டறைக்குள் வந்தாள். அதில் சிவப்பும் வெள்ளையுமாக அரிசி உருண்டைகள் மிதந்தன. மூன்று வாரமாகப் பிரித்துப் போட்டிருந்த தன் படகு எஞ்சினின் கூட்டில் ஒரு சிவப்பு உருண்டையை ஒட்டினாள். வருடமெல்லாம் உழைக்கிற பொருளுக்கும் அன்றைக்கு ஒரு வாய் கொடுப்பது அந்தத் துறைமுகத்து வழக்கம்.

"சாப்பிடுண்ணே. இதத் தின்னா ஒரு வயசு கூடும். புத்தியும் கூடுதான்னு பாப்போம்."

மெக்கானிக் சுன்-தியான் சிரித்தபடி லேத்தைக் காட்டினான். அவளுடைய கிராங்க் ஷாஃப்ட் அதில் பூட்டியிருந்தது. எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் பதினைந்து வருடம் உரசி உரசி, அதன் பின்முனையில் நகம் சிக்குமளவுக்குப் பள்ளம் விழுந்து எண்ணெய் ஒழுகிக்கொண்டிருந்தது. தேய்ந்த இடத்தில் போர்த்துவதற்கென்றே மெல்லிய எஃகு உறை உண்டு. ஜப்பானிலிருந்து வரப் பத்து நாளாகும். "உறையும் வேண்டாம், கிறையும் வேண்டாம், நானே வழிச்சுடறேன்" என்று எஞ்சினைப் பிரித்த அன்றே மார்தட்டியவன் இந்த மகராசன்தான். மற்ற வேலையெல்லாம் முடித்து, நேற்றுத்தான் எமரி உப்புத்தாளால் பள்ளத்தை வழித்தான்.

"அடேயப்பா, மூஞ்சி பாத்துப் பவுடர் போடலாம் போலிருக்கே!"

"பின்னே? சுன்-தியான்னா சும்மாவா?"

மடவை மீன் கூட்டம் அந்தக் கடலைக் கடப்பது இந்தப் பத்து நாள்தான். அதன் சினையை விற்றுத்தான் அவள் வீட்டில் வருடம் முழுக்க உலை கொதிக்கும். இன்று மாட்ட ஆரம்பித்தால் நாளை மறுநாள் கடலுக்குப் போய்விடலாம்.

சீல் மாட்டுமுன் கடைசியாக ஒரு சோதனை. ஷாஃப்ட்டில் எண்ணெய் தடவி, ஈயக் குண்டு கட்டிய தூண்டில் நூலை அதன்மேல் தொங்கவிட்டு, லேத்தை மெதுவாக ஓட்டினான். நூல் போட்ட இடத்திலேயே நிற்க வேண்டும்.

நூல் ஓரத்தை நோக்கி நடந்தது. லேத்தை எதிர்ப்பக்கமாக ஓட்டினான். நூலும் திரும்பி நடந்தது.

பேரிங் உட்காரும் இடத்தை வழிப்பது போலவே, கைப்பழக்கத்தில், தாளை இப்படியும் அப்படியுமாக நகர்த்தி இழுத்திருக்கிறான். சீல் உட்காரும் இடத்தில் தாளை அசைக்கவே கூடாது.

"நூல் ஏண்ணே நடக்குது?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தான். வாய் வரவில்லை.

"ஸ்க்ரூ மாதிரி வரி விழுந்திருக்கு. கண்ணுக்குத் தெரியாது. புது சீல் போட்டாலும் எண்ணெய வெளிய தள்ளிடும்."

"இன்னொரு தடவ வழி."

"ஷாஃப்ட்டு மெலிஞ்சு கடைசி அளவுக்கு வந்தாச்சு. இனி வழிச்சா சீலு பிடிக்காது."

"டின்னு டின்னா எண்ணெய் ஏத்திக்கிட்டுப் போறேன். ஒழுகுனா ஒழுகட்டும்."

"இந்த வாடைக்காத்துல, நடுக்கடல்ல எஞ்சின் இறுகிப்போச்சுன்னா? மாட்டித் தர மாட்டேன், பிக்-ஹா."

"அந்த உறை?"

"இப்பச் சொன்னாலும் பத்து நாள்."

"அன்னைக்கே சொல்லியிருந்தா?"

அவன் லேத்தை நிறுத்தினான். மூன்று வாரத்தில் பத்து நாள் எத்தனை முறை வரும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல.

துறைமுகத்தில் பட்டாசு வெடித்தது. முதல் படகுகள் கிளம்பிவிட்டன. அவள் எஞ்சின் கூட்டில் ஒட்டிய உருண்டையைப் பிய்க்கக் கையை நீட்டினாள், பிறகு கையை இழுத்துக்கொண்டாள்.

"இருக்கட்டும். அது என்ன பண்ணும், பாவம்."

வாசல்வரை போனவள் திரும்பிப் பார்த்தாள்.

"ஆறுது, சாப்பிடுண்ணே."

நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருந்தால் தேவலை. சுன்-தியான் ஒரு உருண்டையை எடுத்து வாயில் போட்டான்.