டிஷ்யூவில் நீல ஒளிர்வு

அவள் முதுகலையில் லேசர் இயற்பியலும் உயிர் ஒளியியலும் படிக்கிறாள் என்பது அத்தையின் வாயில் நுழையவில்லை. அதனால் ஒருநாள் அவளே சுருக்கமாகச் சொல்லிப் பார்த்தாள்.

"டிஷ்யூ மேல லேசர் அடிக்கிறேன் அத்தை."

"மூக்கு தொடைக்கிறதா? அதுக்கு எதுக்குடி லேசரு?"

"அது இல்ல. உடம்புல இருக்கிற திசு."

"அப்ப திசுன்னே சொல்லித் தொலையேன்."

உடம்பு என்று அவள் சொன்னது கறிக்கடைக் கோழியை. நெஞ்சுக்கறியை மெலிதாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் வைத்து, இருட்டறையில் ஊதா லேசரை அடிப்பாள். திரும்பி வரும் ஒளியைக் கருவி கோடாக வரையும். மாதக்கணக்கில் அந்தக் கோடு செத்த பாம்பாகக் கிடந்தது. போன மாதம் திடீரென்று நீலப் பக்கத்தில் ஒரு கூம்பு எழுந்து நின்றது.

அவளுடைய பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் ஒளிவட்டம். பாதிக் காரணம் வழுக்கை. மீதி, தன்னைச் சுற்றி ஒரு பிரகாசம் இருப்பதாக அவரே நம்பியது. கூம்பைப் பார்த்ததும் 'உயிரொளி' என்று பெயர் சூட்டிவிட்டார். ஃப்ரிட்ஜில் கிடந்த கோழிக்கு உயிர் எப்போது வந்தது என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. தீசிஸ் தேர்வன்று படம் எடுக்கவும் ஆள் சொல்லியிருந்தார்.

அன்று காலை, கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாமென்று லேசரைப் போட்டாள். கூம்பு எப்போதையும்விட ஓங்கி நின்றது. பூரிப்போடு தகட்டைப் பார்த்தாள். கோழியை வைக்க மறந்திருந்தாள்.

தகடு வழுக்குகிறதென்று போன மாதம்தான் அடியில் டிஷ்யூ பேப்பரை மடித்து வைக்க ஆரம்பித்தாள். அதுதான் பளபளத்துக்கொண்டிருந்தது. காகிதத்தை வெள்ளை வெளேரென்று காட்டச் சேர்க்கும் சாயம், ஊதா பட்டால் நீலமாக ஒளிரும். முதல் பருவத்துப் பாடம்.

"சார், உயிரொளி டிஷ்யூ பேப்பர்லேர்ந்து வருது."

ஒளிவட்டம் கதவைச் சாத்தினார். "கேக்காத கேள்விக்கு நீயா பதில் சொல்லாதம்மா. சொன்னா இன்னொரு வருஷம் கோழி சீவணும்."

தேர்வில், வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அவள் பேசியதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டார் என்று ஒளிவட்டம் நிம்மதியாகச் சாய்ந்தபோது அவர் வாயைத் திறந்தார்.

"கோழி இல்லாம வெறுமனே அடிச்சுப் பாத்தீங்களாம்மா?"

ஒளிவட்டம் இருமினார். இன்னொரு வருடத்துக் கோழிகள் மொத்தமும் அவள் கண்முன் வரிசையாகப் போயின.

"பாத்தேன் சார். இன்னும் நல்லா வருது." பேப்பர் கதையையும் சொன்னாள்.

தேர்வாளர் வயிறு குலுங்கச் சிரித்தார். "எனக்கு நான் போட்டிருந்த வெள்ளைச் சட்டை ஒளிர்ந்துச்சும்மா. ரெண்டு கட்டுரை போட்டப்புறம்தான் தெரிஞ்சுது. கோழியத் தூக்கிப் போட்டுட்டு, இந்தப் பேப்பர் எப்படி ஏமாத்துதுன்னு திருத்தி எழுதிக் குடுங்க. பாஸ்."

"இதத்தான் நானும் ஆரம்பத்துலேர்ந்து சொல்லிட்டிருக்கேன்," என்றார் ஒளிவட்டம்.

"தலைப்பையும் மாத்தணுமா சார்?"

தேர்வாளர் தீசிஸின் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். டிஷ்யூவில் நீல ஒளிர்வு.

"எதுக்கு? இப்பதான் சரியா இருக்கு."

வீட்டில் அத்தை டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள், "என்னடி ஆச்சு?"

"பாஸ்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். எந்த டிஷ்யூ என்று சொல்ல, தேர்வாளரிடம் வந்த துணிச்சல் அத்தையிடம் வரவில்லை.