பழைய பதிப்பில் ஒரு சீதன வீடு

வீடு அந்தரத்தில் நின்றது. தரையிலிருந்து ஒரு ஆள் உயரம் இருக்கும். கீழே செம்மண்ணில் அதன் நிழல் தனியே விழுந்து கிடந்தது. சுதாகரன் கணினித் திரையில் விமானத்தைப் பலாலி ஓடுபாதையின் ஓரத்தில் நிறுத்திவிட்டு, கமெராவை மட்டும் வேலிக்கு மேலால் நகர்த்திக்கொண்டு போய் அதைப் பார்த்தான். "சரி, வந்தாவது சேந்தியே" என்றான். கேட்பதற்கு அங்கே ஒருவரும் இல்லை. நெல்லியடியில் அவன் வைத்திருந்த கணினி திருத்தும் கடைக்கு மத்தியானத்தில் ஆள் வருவது குறைவு.

அந்த வீடு அவனுடைய மனைவி உதயகலாவின் சீதனம். காணி உறுதி கையில் இருந்தது, போக வழி இல்லை. தொண்ணூறில் சண்டைக்குப் பயந்து ஊரே எழும்பி ஓடிய பிறகு காணி ஆமிக்காரரின் வேலிக்குள் போனது. பொம்பிளையைப் பாராமல் கட்டினவர்கள் இருக்கிறார்கள், வீட்டைப் பாராமல் சீதனம் வாங்கினவன் நீதான் என்று சிநேகிதர்கள் பகிடி பண்ணினார்கள். பகிடிக்குத்தான் அது சரி. வலிகாமம் வடக்கில் அப்படி வாங்கினவர்களை எண்ணி முடியாது.

கலியாணம் முடித்த புதிதில், திருத்த வந்த கணினி ஒன்றில், திரையிலேயே விமானம் ஓட்டும் சிமுலேட்டர் இருந்தது. மனைவி சந்தோசப்படுவாள் என்று பலாலியில் ஏறி ஒரு வட்டம் அடித்துக் காட்டினான். அவளுக்கு வந்ததோ கோபம். "ஓடுபாதை இருக்கு. எங்கடை வீடு எங்கை?" என்று கேட்டாள். ஓடுபாதையைச் சுற்றி வெறும் பச்சைத் தரைதான் இருந்தது. கலா தையல் வகுப்பு நடத்தியவள், துணியில் ஒரு நூல் பிசகவிடாதவள். வெளிநாட்டுக்காரர் எழுதிய விளக்கங்களை அகராதி வைத்துப் படித்து, சிமுலேட்டருக்கு மேலதிகமாகக் கட்டடம் சேர்க்கும் வித்தையைப் பழகினாள். சமையல் பிந்தியது, வகுப்புப் பிள்ளைகள் முறைப்பட்டார்கள், அவள் அசையவில்லை. கடைசியில் ஓடுபாதைக்குத் தெற்கே வீடு எழும்பியது. விறாந்தை, சாமியறை, அடுப்படி, பின்னுக்குக் கிணறு.

பழைய பதிப்பில் பறக்கத்தான் முடியும், இறங்கி நடக்க முடியாது. சுதாகரன் ஓட்டுவான், கலா பக்கத்துக் கதிரையில் இருந்து, "இஞ்சருங்கோ, கொஞ்சம் பதிவா, கூரை தெரிய ஓட்டுங்கோ" என்பாள். தன் சீதன வீட்டின் கூரையை அவன் எத்தனையோ தரம் பார்த்தான். உள்ளே எப்போது கூட்டிப்போவாய் என்று கேட்டால், "ஆமி காணியை விடட்டும்" என்பாள். பக்கத்து ஒழுங்கை வரைக்கும் விட்டார்கள், அவர்களுடையதை விடவில்லை. போன வருசம் கலாவைப் புற்றுநோய் கொண்டுபோனது.

ஆண்டுத் திவசம் நெருங்கும்போது பழைய கணினி இழுக்கத் தொடங்கிவிட்டது. புதிய கணினியில் பழைய சிமுலேட்டர் ஓடவில்லை, புதிய சிமுலேட்டரோ பழைய சேர்க்கைகளை ஏற்காது. ஆனால் புதியதில் கமெராவைத் தரைக்கு இறக்கி, ஒரு மனிதன் நடப்பதுபோலக் கொண்டுபோகலாம். அதை அறிந்த நாளிலிருந்து சுதாகரனுக்கு ஒரே ஆசைதான். வாசலால் ஒருமுறை உள்ளே போக வேண்டும். ஊர் உலகத்தில் எல்லா மாப்பிள்ளைகளும் செய்வதுதானே, அவன் மட்டும் என்ன பாவம் செய்தான்?

கலா முதலில் வரைந்த கோப்புகள் எப்போதோ அழிந்துவிட்டன. சிமுலேட்டருக்கென்று மாற்றி முடித்ததுதான் மிச்சம். சோற்றைத் திரும்ப அரிசியாக்க முடியாது. அதனால் வீட்டை அப்படியே தூக்கிக்கொண்டு வரலாமே தவிர, ஒரு யன்னலைக்கூடத் தனியே தொட முடியாது. ஒரு வழியாகக் கொண்டுவந்தால் இப்படி அந்தரத்தில் நின்றது. பழையதில் தரை ஒரே மட்டம், புதியதில் ஊரில் உள்ள மேடு பள்ளம் எல்லாம் இருந்தது. உயரத்துக்கான இலக்கத்தைக் குறைத்து இறக்கினான். இறக்கினதும் கூரையைப் பிய்த்துக்கொண்டு மரங்கள் நின்றன. வானிலிருந்து எடுத்த செய்மதிப் படத்தில் பற்றையாகத் தெரிந்த இடமெல்லாம் சிமுலேட்டர் தானே மரம் நட்டிருந்தது. பொறுமையாக எல்லை போட்டு அவற்றை அழித்தான்.

அப்போதுதான் கவனித்தான். தரையில் விரிந்திருந்த செய்மதிப் படத்தில் அவர்களுடைய காணி நன்றாகத் தெரிந்தது, ஒழுங்கையும் கிணறும் தெரிந்தன. கலாவின் வீடு அந்தக் காணிக்குள் அடங்கவில்லை. விறாந்தை ஒழுங்கையை மறித்துக்கொண்டு நின்றது, அடுப்படி பக்கத்துக் காணிக்குள் போயிருந்தது. யாழ்ப்பாணத்தில் வேலியை ஒரு விரற்கடை அரக்கி வைத்தாலே வழக்கு, கோடு கச்சேரி என்று அலைவார்கள், இவள் அரை வீட்டையே அடுத்தவன் காணியில் கட்டி வைத்திருக்கிறாள்! மாற்றியதில்தான் பிழை என்று நினைத்து எல்லாவற்றையும் திரும்பச் சரிபார்த்தான். பிழை இல்லை. அவள் போட்ட அளவே அதுதான்.

அளவெட்டியிலிருக்கும் கலாவின் தங்கை கஜானிக்குப் போன் எடுத்தான்.

"வீடு அவ்வளவு பெரிசோ, கஜானி?"

"சின்ன வீடு அத்தான். ஏன்?"

சொன்னான்.

"அக்கா அதைக் காலடியாலை அளந்தவா" என்றாள் கஜானி. "ஓடி வந்து பள்ளிக்கூடத்திலை படுத்திருக்கேக்கை, விறாந்தை இத்தினை அடி, சாமியறை இத்தினை அடி எண்டு எனக்கு ஒவ்வொரு நாளும் ஒப்பிப்பா. மறந்துபோடுவன் எண்டு பயம். அப்ப அவவுக்குப் பதினொரு வயசு."

சுதாகரனுக்கு இப்போது விளங்கியது. வளர்ந்த கலா, வளர்ந்த தன் காலடியை நாடாவால் அளந்து அந்தக் கணக்கோடு பெருக்கியிருக்கிறாள். ஒரு நூல் பிசகாதவள்.

"அப்ப என்ன செய்ய?" என்றான்.

"சின்னனாக்கி விடுங்கோ அத்தான். அடுத்தவன்ரை காணிக்குள்ளை நிண்டா அக்காவுக்குப் பிடியாது."

வீடு முழுவதையும் சுருக்க ஒரே இலக்கம் போதும். பதினொரு வயதுக்காரியின் காலடி எவ்வளவு இருக்கும் என்று மட்டுக்கட்டிப் போட்டான். வீடு சுருங்கி வந்து காணிக்குள் இருந்தது. விறாந்தை ஒழுங்கையை விட்டு விலகியது. அவள் வைத்த கிணறு, படத்திலிருந்த கிணற்றின்மேல் அச்சொட்டாகப் பொருந்தியது. ஒரு காலடிகூட அவள் மறந்திருக்கவில்லை. சுதாகரன் மேசையில் தலையை வைத்து அழுதான்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, கமெராவைத் தன்னுடைய உயரத்துக்கு வைத்து ஒழுங்கையிலிருந்து உள்ளே நடத்தினான். முற்றம் கடந்தான். வாசலுக்கு வந்ததும் திரையில் கதவு நிலையின் மேற்சட்டம் கீழே போய்விட்டது, எதிரில் வெறும் சுவர்தான் தெரிந்தது. கதவை மட்டும் கலா காலடியால் அளக்கவில்லை. அதற்கு எல்லோர் வீட்டிலும் இருக்கும் வழமையான கதவின் அளவைப் போட்டிருந்தாள். வீட்டோடு சேர்ந்து அதுவும் சுருங்கி, இப்போது அவனுடைய கழுத்துக்குத்தான் வந்தது. திரும்பப் பெருப்பித்தால் போகலாம், வீடு அடுத்தவன் காணிக்குள் போய்விடும்.

கமெராவுக்குச் சுவர் ஒரு தடையில்லை, ஊடறுத்துக்கொண்டு போகலாம். அவனுக்கு அது தெரியும். கள்ளன்போலப் போக அவனுக்கு மனம் வரவில்லை. ஒரு அடி பின்னுக்கு வந்து, அந்தச் சின்ன வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு பதினொரு வயதுப் பிள்ளை அதால் குனியாமல் ஓடிப் போகலாம். சிமுலேட்டரில் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மஞ்சள் வெயில் படியில் ஏறி, திறந்திருந்த கதவால் உள்ளே போனது.