சட்டையில் இருந்த வாசனை

அவர் இறந்த பிறகு முப்பது தேன்பெட்டிகளில் ஒன்றை மட்டும் மாடியில் வைத்துக்கொண்டேன். மற்றதையெல்லாம் கொழுந்தன் தன் இடத்துக்கு ஏற்றிப் போனார்.

"இதையும் குடுத்துடுங்க அண்ணி. கொட்டு வாங்கி முகம் வீங்கினா, போட்டோவுல இருக்கிற அண்ணனுக்கே உங்கள அடையாளம் தெரியாது."

நான் கொடுக்கவில்லை.

பிறகுதான் உண்ணி வந்தது. கடுகைவிடச் சிறிதாக, செம்மண் நிறத்தில், தேனீக்களின் மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. சிறகு சுருங்கிய இளசுகள் பெட்டி வாசலில் ஊர்ந்தன. இதற்கு அவர் ஓம எண்ணெயைப் பஞ்சில் நனைத்து தேனடைகளுக்கு மேல் வைப்பார். அந்த நெடியில் உண்ணி உதிர்ந்துவிடும், தேனீ தாங்கிக்கொள்ளும். பாட்டில் இருந்தது, அளவுதான் தெரியவில்லை. கொழுந்தனைக் கேட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

கதவுக்குப் பின்னால் அவருடைய துவைக்காத சட்டை தொங்கியது. மாலையில் வீடு திரும்பும்போது அவர்மேல் வீசும் அதே ஓம வாசனை. அதை மாடிக்கு எடுத்துப்போய், சட்டையை ஒரு முறை, பெட்டியை ஒரு முறை என்று முகர்ந்து, இரண்டும் ஒன்றாகும்வரை பஞ்சில் எண்ணெய் விட்டேன்.

காலையில் பெட்டிக்கு அடியில் விரித்திருந்த வெள்ளை அட்டை முழுக்க உண்ணி. சந்தோஷமாக இருந்தது. மதியத்துக்குள் தேனீக்களும் வெளியே வந்து பெட்டியின் முகப்பில் கொத்தாகத் தொங்கின. மருந்து வேலை செய்கிறது, பிறகு ஏன் வீட்டை விட்டு வருகின்றன? எனக்கு ஒன்றும் புரியவில்லை. வேறு வழியில்லாமல் கொழுந்தனைக் கூப்பிட்டேன். உடனே வந்துவிட்டார்.

"எத்தனை சொட்டு விட்டீங்க?"

"சொட்டெல்லாம் எண்ணல தம்பி. அவர் சட்டை வாசனை வர்ற வரைக்கும் விட்டேன்."

கொழுந்தனுக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. "அண்ணி, அது முப்பது பெட்டியோட வாசனை."

பஞ்சை எடுத்தார், மூடியைச் சாய்த்து வைத்தார். வாசலில் சில தேனீக்கள் வாலைத் தூக்கிச் சிறகை விசிறின.

"என்ன பண்ணுதுங்க?"

"ராணி உள்ள இருக்கு, வாங்கன்னு கூப்பிடுதுங்க. இல்ல, நெடிய வெளிய தள்ளுதுங்க. ரெண்டுக்கும் இப்படித்தான் விசிறும்."

"இப்ப எதுக்கு?"

"தெரியல அண்ணி. ராணி போயிருந்தா கூட்டம் தங்காது."

இருட்டும்போது கொத்து கரைந்திருந்தது. உள்ளே போனதா, பறந்து போனதா என்று இருவராலும் சொல்ல முடியவில்லை. சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் வாசனை என்று இத்தனை வருடம் நினைத்தது எதை?

விடிந்ததும் மாடிக்குப் போனேன். கால்களில் மஞ்சள் மகரந்த உருண்டையோடு ஒரு தேனீ வந்து உள்ளே நுழைந்தது. பின்னாலேயே இன்னொன்று. மூடியருகே குனிந்தேன். மெழுகு வாசனை, அதற்கு மேல் லேசாக ஓமம். எனக்குப் பழக்கமே இல்லாத வாசனை.

கொழுந்தன் போன் செய்தார். பார்த்ததைச் சொன்னேன். "மகரந்தம் கொண்டு போகுதா? அப்ப குஞ்சு இருக்கு, ராணியும் இருக்கும். பெட்டிய ஏத்திக்க வண்டி எடுத்துட்டு வரவா?"

"வேண்டாம் தம்பி. ஒரு பெட்டிக்கு எத்தனை சொட்டு, அத மட்டும் சொல்லுங்க."