தொண்ணூற்றெட்டாம் பதிப்பு வீடு

என் வீடு மலைக்குள் புதைந்துபோனதை நான் கண்டது 2005ஆம் ஆண்டு சித்திரை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். நிஜ வீடு பதுளையில், ஸ்பிரிங்வெளி வீதி ஏற்றத்தில் அப்படியேதான் இருந்தது. நானும் அதற்குள்தான் இருந்தேன். புதைந்தது கணினிக்குள் இருந்த வீடு.

அதைக் கட்டியவன் என் மகன் சிந்துஜன். 1999இல், கனடாவுக்குப் போவதற்கு முந்திய ஆறு மாதமும் பிள்ளை படிக்கிறான் என்று நானும் மனைவி சரோஜாதேவியும் நம்பிக்கொண்டிருக்க, அவன் விமானம் ஓட்டிக்கொண்டிருந்தான். ஃப்ளைட் சிமுலேட்டர், தொண்ணூற்றெட்டாம் பதிப்பு. அதில் பாரிஸ் இருந்தது, நியூயோர்க் இருந்தது. பதுளை மட்டும் வெறும் பச்சைத் தட்டை. மேடு பள்ளம் ஒன்றும் கிடையாது. மலையும் மடுவுமான ஊவா மாகாணத்தைத் தட்டையாகப் பார்த்தால் எவனுக்குப் பொறுக்கும்? அவன் தானே ஒரு இணைப்புக் கோப்பு செய்து அதில் எங்கள் வீட்டை வைத்தான். சிவப்புத் தகரக் கூரை, தண்ணீர்த் தாங்கி, சரோ உடுப்புக் காயப்போடும் கொடிக்கயிறு எல்லாம் இருந்தன. முற்றத்துக்கு முன்னால் இறங்க ஒரு ஓடுபாதையும் போட்டான்.

"நான் போனாப் பிறகும் இதில வந்து இறங்குவன் அப்பா" என்றான். விசர்க் கதை கதையாதே என்று ஏசினேன்.

அவன் போனான். 2003இல் மருமகளின் பிள்ளைப்பேறு பார்க்க சரோவும் போனாள். ஆறு மாதத்தில் வருவேன் என்றவள், பேத்தி கதைக்கத் தொடங்கியும் வரவில்லை. எனக்கு ஓய்வூதியத்துக்கு இன்னும் மூன்று வருடம் கிடந்தது. தனிமை பழகிவிட்டது என்று வேலைபார்க்கும் கந்தோரில் சொல்லித் திரிந்தேன். பச்சைப் பொய். ஞாயிறு வந்தால் அந்தப் பழைய பதிப்பைத் திறந்து, சிவப்புக் கூரையைச் சுற்றிச் சுற்றிப் பறந்துகொண்டிருப்பேன். சமையலே மறந்துபோகும்.

அப்போதுதான் சிந்துஜன் புதிய பதிப்பின் சீடியை ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டான். "ரெண்டு பேரும் ஒரே பதிப்பு வச்சிருந்தால் இணையத்தில சேர்ந்து பறக்கலாம் அப்பா. பழசும் புதுசும் ஒண்டையொண்டு பார்க்காது." காணிச் சண்டை பிடித்த மைத்துனன்மார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

புதியதைப் போட்டு, பழைய வீட்டுக் கோப்பையும் அதற்குள் வைத்தேன். வீட்டைக் காணவில்லை. தேடித் தேடிக் கடைசியில்தான் விளங்கியது. புதிய பதிப்புக்கு உண்மையான மலைகள் தெரியும். மகன் தட்டை நிலத்தில் வைத்த வீட்டின் மேல் ஒரு முழு மலையே எழும்பி நின்றது.

"பழசு இதோட ஒத்துவராது அப்பா. விடுங்கோ, சும்மா பறப்பம்" என்றான் தொலைபேசியில்.

விடுவதாவது! நில அளவைக் கந்தோரில் முப்பது வருடம் வரைபடம் வரைகிறவன் நான். பிழைத்த உயரத்தை விட்டுவிட்டு என்னால் சோறு தின்ன முடியாது. அவன் சொன்ன சொல்லையும் நான் மறக்கவில்லை. அவன் வந்து இறங்கவேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

கந்தோரில் இருந்த, மைலுக்கு ஓர் அங்குலம் என்று வரைந்த பழைய வரைபடத்தைப் பார்த்து உயரத்தை அடித்தேன்: 2412. வீடு ஆகாயத்தில் தொங்கியது. வரைபடம் அடியில், கணினி கேட்டதோ மீற்றரில். புதிதாகச் சேர்ந்த பையன்களை இதே பிழைக்கு எத்தனை தரம் கிழித்திருப்பேன்! யாரும் பார்க்கவில்லை என்ற நிம்மதியோடு அதை அழித்தேன். மீற்றருக்கு மாற்றியும் கூரை மட்டும் தெரிந்தது, சுவர் மண்ணுக்குள். வரைபடத்து உயரமெல்லாம் பக்கத்து மேட்டுக்குத்தான் சரி. இனி அளந்தே ஆகவேண்டும்.

கந்தோரில், உயரம் அளக்கும்போது மட்டக்கோல் பிடிப்பவர் இராசையா. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த மனிதர், என் வயதுதான். மட்டக்கருவியை அனுமதி கேட்டு வாங்கி, ஒரு ஞாயிறு அவரையும் கூட்டிக்கொண்டு, வீதி மதகில் உயரம் குறித்து வெட்டியிருந்த மட்டக்குறியிலிருந்து என் வாசற்படி வரைக்கும் அளந்துகொண்டே ஏறினேன்.

"வீட்ட விக்கப் போறீங்களாங்க ஐயா?" என்றார், கோலைப் பிடித்தபடி.

"இல்லை இராசையா. வீட்டைக் கணினியில வைக்கப் போறன். மகன் விமானத்தில வந்து இறங்குவான்."

அவர் சிரிக்கவில்லை. "அப்ப கோல நேரா புடிக்கணுங்க" என்றார்.

மூன்று மாதம் பிடித்தது. கூரை, தாங்கி, கொடிக்கயிறு, ஓடுபாதை என்று ஒவ்வொன்றாக எடுத்து உரிய உயரத்தில் வைத்தேன். வீடு மலையில் குந்தியது. கோப்பை மின்னஞ்சலில் மகனுக்கு அனுப்பி, எந்த இடத்தில் போடவேண்டும் என்றும் எழுதினேன். போடாவிட்டால் அவன் திரையில் வெறும் மலைதான் தெரியும். அவரவர் கணினியில் இருப்பதுதான் அவரவருக்கு. இரண்டு தரம் கேட்டேன். "போடுறன் அப்பா, வேலை கூட" என்றான். மூன்றாம் தரம், "போட்டிட்டன்" என்றான்.

அடுத்த ஞாயிறு காலை இருவரும் சேர்ந்து பறப்பதென்று பேச்சு; இராசையாவையும் கூப்பிட்டேன். கோல் பிடித்த மனிதர் பார்க்கவேண்டாமா? சவரம் செய்து, சலவைச் சட்டையும் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கனடாவில் அப்போது சனி இரவு. தொலைபேசிக் கம்பியில் இணையம் ஓடியதால் பேச முடியாது. திரையின் மேல்மூலையில் எழுத்தாகத்தான் கதை. தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்போம்.

தெற்கிலிருந்து அவனுடைய வெள்ளை விமானம் வந்தது. என் பிள்ளை, ஆறு வருடத்துக்குப் பிறகு, எங்கள் மலையில்.

"வீடு தெரியுதா தம்பி?" என்று அடித்தேன்.

விமானம் இன்னும் தாழ்ந்தது. நேரே வீட்டை நோக்கி வந்தது. விலகுவான் என்று பார்த்தேன். விலகவில்லை. குசினிச் சுவருக்குள்ளால் நுழைந்து, சிவப்புக் கூரையைக் கடந்து, கொடிக்கயிற்றுப் பக்கத்தால் வெளியே போனது.

"ஐயோ! வீட்டுக்குள்ளயில்ல பூந்து போவுது!" என்று இராசையா எழுந்துவிட்டார்.

மேல்மூலையில் எழுத்து வந்தது. *ஓம் அப்பா, தெரியுது. வடிவா இருக்கு.*

"என்னாங்க ஐயா எழுதியிருக்காரு?"

"வீடு தெரியுதாம். வடிவா இருக்காம்."

இராசையா திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மெல்ல உட்கார்ந்து, "ஆமாங்க, நல்லாத்தான் இருக்கு" என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது. கோப்பை அவன் போடவேயில்லை; அப்பனைச் சமாளிக்க ஒரு பொய் சொல்லியிருக்கிறான். நான் ஊருக்குச் சொல்லாத பொய்யா?

இன்னொரு வரி வந்தது. *எங்க அப்பா இறங்கிறது? சொல்லுங்கோ.*

முற்றத்துக்கு முன்னால் ஓடுபாதை நீளமாகக் கிடந்தது. என் திரையில் மட்டும். அவன் திரையில் அந்த இடம் செங்குத்து மலை. இறங்கினால் மோதுவான்; மோதினால் அவன் பொய்யும் சேர்ந்து உடையும்.

ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தேன்.

"இண்டைக்கு இறங்க வேண்டாம் தம்பி. இங்க காத்து சரியில்லை."