வாய்க்காலை அடைத்த புட்பால் கிளப்

நெடுங்கரையைப் பற்றி வெளியூரில் யாராவது ஒரு நல்ல வார்த்தை சொன்னால் அது புட்பாலைப் பற்றியதாகத்தான் இருக்கும். வேறு எதைப் பற்றிச் சொல்வது? புதுக்கோட்டை சமஸ்தானம் போய் ஐந்து வருஷம் ஆகியிருந்தது; மழை போய் நாலு வருஷம். கிணற்றில் வாளியை விட்டால் மண்தான் வந்தது. பாதி ஊர் தஞ்சாவூர்ப் பக்கம் நடவுக்கும் அறுப்புக்கும் போய் அங்கேயே அடுப்பு மூட்டிவிட்டது. மிச்சமிருந்த வீடுகளுக்கு அக்கம்பக்கத்தில் பெண் கொடுப்பாரில்லை. குடம் தூக்கியே தேய்ந்துபோக யார் தன் மகளை அனுப்புவார்கள்? இந்த லட்சணத்தில், திருச்சியிலிருந்து வரும் ஒரு பத்திரிகையில் மாதம் ஒரு தடவையாவது ‘நெடுங்கரை மீண்டும் வெற்றி’ என்று போட்டிருந்தது. கிணறு வற்றியதைப் பற்றி அதே பத்திரிகை ஒரு வரி எழுதியதில்லை. எழுதச் சொல்லி ஊரிலும் யாரும் கேட்டதில்லை.

கிளப்பின் கோல்கீப்பர் ஆண்டியப்பன். முப்பத்திரண்டு வயது. உண்மையில் அவன் ஊர் மடைக்காரன். கண்மாய்க்கு வருகிற தண்ணீருக்கும், அதிலிருந்து வயலுக்குப் போகிற தண்ணீருக்கும் அவன்தான் பொறுப்பு. கண்மாய் நிறைந்து கிடக்கும்போது மூச்சை அடக்கி முங்கிப் போய் மடையின் அடைப்பைப் பிடுங்குவது அவர்கள் குடும்பத்து வேலை. தண்ணீரே இல்லாத ஊரில் மடைக்காரனுக்கு என்ன வேலை இருக்கும்? முதல் வருஷம் முழுக்க மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கரையில் போய் உட்கார்ந்திருந்தான். போகிறவர் வருகிறவர் அவனிடம் நின்று பேசுவதைக்கூட விட்டுவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் சொக்கநாதன் செட்டியார் பினாங்கில் இருந்த கடையை மூடிவிட்டு ஊர் வந்து சேர்ந்தார். அக்கரைக்குப் போனவர்கள் பீங்கானும் பெட்டியுமாகத் திரும்புவார்கள். இவர் ஒரு தோல்பந்தும் ஒரு விசிலும் கொண்டுவந்தார். வற்றிக் கிடந்த கண்மாயைக் கரைமேல் நின்று பார்த்தார். மற்றவர்களுக்கு அழுகை வந்த இடத்தில் அவருக்கு மைதானம் தெரிந்தது. சவுக்குக் கம்பு நட்டு, சுண்ணாம்புக் கோடு போட்டு, ‘நெடுங்கரை பிரண்ட்ஸ் புட்பால் கிளப்’ என்று தகரத்தில் எழுதி மாட்டிவிட்டார். வேலையில்லாத ஆட்களுக்கு மட்டும் ஊரில் பஞ்சம் வரவில்லை என்பதால் பதினோரு பேர் சேர்வது சிரமமாக இல்லை.

கண்மாய்த் தரை வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. அந்த வெடிப்புகளைத் தாண்டித் தாண்டி ஓடிப் பழகிய கால்களுக்கு மற்ற ஊர் மைதானங்கள் கல்யாண வீட்டு ஜமுக்காளமாக இருந்தன. கீரனூரில் ஜெயித்தார்கள், திருமயத்தில் ஜெயித்தார்கள், திருச்சிக்கே போய் ஜெயித்தார்கள். வெளியூர் டீம் இங்கே வந்தால் முதல் பாதியில் வெடிப்புக்குள் கால் மாட்டி நொண்டியது; இடைவேளையில் குடிக்கத் தண்ணீர் கேட்டு, இல்லையென்ற பதிலில் மனம் உடைந்து, இரண்டாம் பாதியில் தோற்றுப்போனது.

ஆண்டியப்பன் தண்ணீருக்குள் பாய்ந்த உடம்பால் இப்போது தரையில் பாய்ந்தான். பந்து எந்த மூலைக்குப் போனாலும் அவன் கை அங்கே முந்திக்கொண்டு நின்றது. கீரனூர் பஸ்ஸில் கண்டக்டர் அவனுக்கு ஜன்னலோர சீட் பிடித்து வைத்தார். முகம் தெரியாதவர்கள் டீ வாங்கிக் கொடுத்தார்கள். மடைக்காரனாக இருந்த காலத்தில் யாரும் ஒரு வெற்றிலைகூட நீட்டியதில்லை. இதில் அவன் யாரிடமும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. மழைக்காக ஊர் கூடி அம்மனைக் கும்பிடும்போது அவன் உதடு மட்டும்தான் அசையும்.

இந்தக் கீர்த்திக்கெல்லாம் விலை கொடுத்தவள் அவன் பெண்டாட்டி கண்ணாத்தாள். இரண்டு மைல் தள்ளிக் கொத்தவயலில் ஒரு கிணறு ஊறிக்கொண்டிருந்தது. நெடுங்கரைப் பெண்கள் அங்கேதான் குடம் கொண்டுபோவார்கள். கொத்தவயலுக்கும் ஒரு புட்பால் டீம் இருந்தது. அது நெடுங்கரையிடம் தோற்ற மறுநாள் கோல்கீப்பர் பெண்டாட்டிக்கு வரிசையில் கடைசி இடம். நாலு கோலில் தோற்றபோது உச்சிவெயில்வரை நிற்க வைத்தார்கள். ஒரே ஒரு ஆட்டத்திலாவது கையைக் கட்டிக்கொண்டு நிற்கக்கூடாதா என்று அவள் கேட்டதற்கு, அது ஊர் மானம் என்று ஆண்டியப்பன் சொன்னான். ஊர் மானம் குடத்தில் நிற்குமா என்று கேட்டுவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அந்த வருஷம் கோடையில் எங்கோ மேற்கே பெய்த ஒரு மழையில் கணுக்கால் தண்ணீர் வாய்க்கால் வழியாகக் கண்மாய்க்குள் வந்தது. ஊர் கையெடுத்துக் கும்பிட வேண்டிய சமாச்சாரம். ஆனால் மைதானம் சேறாகி, பெரிய ஆட்டம் ஒன்று நின்றுபோய்விட்டது. கிளப் கமிட்டி அவசரமாகக் கூடியது. தண்ணீருக்குத் தவிக்கிற ஊரின் கமிட்டி, தண்ணீர் உள்ளே வந்துவிடாதபடி வாய்க்காலின் வாயை அடைத்துவிடுவது என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டது. ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. மழைக்காலம் வந்தால் எடுத்துவிடலாம் என்று ஒரு வரி மட்டும் சேர்த்துக்கொண்டார்கள். வேலை ஆண்டியப்பனுக்கு வந்தது. களிமண்ணும் கல்லும் கொட்டி, மிதித்து, தட்டி, மூன்று நாளில் அணையை எழுப்பினான். வாழ்நாளில் அவன் வேறு எதையும் அவ்வளவு ஒழுங்காகக் கட்டியதில்லை.

அந்த வாய்க்காலுக்கு ஒரு முறை உண்டு. அது நெடுங்கரையின் வாயைத் தொட்டுவிட்டுத்தான் கொத்தவயலுக்குப் போகும். தண்ணீர் வாயைத் தொட்ட அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் திறந்து வாங்கிக்கொண்டால், கண்மாய் நிறைகிற வரைக்கும் நெடுங்கரைக்கு. திறக்காவிட்டால் அந்த வருஷத்துத் தண்ணீர் கொத்தவயலுக்கு. மடைக்காரன் கைதான் திறக்கலாம். வேறு கை பட்டால் அது திருட்டுத் தண்ணீர். தாத்தாக்கள் காலத்தில் இதற்காகச் சில மண்டைகள் உடைந்திருந்தபடியால் இரண்டு ஊரும் இந்த முறையை மட்டும் மீறுவதில்லை.

ஐப்பசி பிறந்தது. அந்த வருஷத்துக் கப்புக்கான கடைசி ஆட்டம் நெடுங்கரையிலேயே, கொத்தவயலை எதிர்த்து. அணையை எடுத்துவிடலாமா என்று கமிட்டியில் ஒருவர் இழுத்தார். நாலு வருஷம் வராத மழை நாலு நாளில் வந்துவிடப் போகிறதா, ஆட்டம் முடியட்டும் என்றார் செட்டியார். முதலில் தலையாட்டியது ஆண்டியப்பன்தான்.

கப் கொடுக்க டெபுடி கலெக்டர் வருவதாக ஏற்பாடு. அவரிடம் புதுக் கிணறு கேட்டு ஒரு மனுவைச் செட்டியார் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். மூன்று மணிக்கு வரவேண்டியவர் நாலு மணிக்கு வந்தார். பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த கண்மாயை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, இவ்வளவு விசாலமான கிரவுண்டு வேறு எந்த ஊருக்கும் வாய்க்காது, கொடுத்துவைத்தவர்கள் என்றார். செட்டியார் மனுவை எடுக்கவே இல்லை. ஆட்டம் தொடங்கியது.

முதல் பாதியில் நெடுங்கரை ஒரு கோல் போட்டது. இரண்டாம் பாதியில் இன்னும் கால் மணி நேரம் பாக்கி இருக்கும்போது கண்ணாத்தாள் காலிக் குடத்தோடு கரையிலிருந்து இறங்கினாள். கோடு, விசில், கூட்டத்தின் கூச்சல் எதையும் சட்டை செய்யாமல் மைதானத்தின் ஓரமாக நடந்து நேராகக் கோல் கம்பத்துக்கு வந்தாள்.

“மேக்க பெஞ்ச தண்ணி வந்துருச்சுங்க. நீங்க போட்ட அணையில முட்டிக்கிட்டு நிக்குது. கொத்தவயலாளுக நாலு பேரு அங்கனயே ஒக்காந்து பொழுதைப் பாத்துக்கிட்டு இருக்காக. மம்பட்டிய அணைமேல வச்சுட்டுத்தான் வாரேன்.”

ஆண்டியப்பன் மேற்கே பார்த்தான். பொழுது பனைமரத் தலைக்கு வந்திருந்தது. வாய்க்கால் வாய் அங்கிருந்து அரை மைல். ஆட்டம் முடிந்து ஓடினால் இருட்டைத்தான் வெட்ட வேண்டும். கம்பத்துக்குப் பின்னால் நின்ற செட்டியாரின் காதிலும் சேதி விழுந்துவிட்டது. கால் மணி நேரம்தானே, கப்பை வாங்கிவிட்டு ஓடு என்றார். சொல்லும்போது அவர் மேற்குப் பக்கம் பார்க்காமல் இருந்ததை ஆண்டியப்பன் கவனித்தான்.

கொத்தவயலின் கேப்டன் உடையப்பனுக்கும் விஷயம் போய்விட்டது. பந்து வெளியே போன சமயம் பார்த்துப் பக்கத்தில் வந்தான். மிரட்டவில்லை, கம்பத்தோரம் நின்ற கண்ணாத்தாளுக்குக் கேட்காதபடி கெஞ்சுகிற குரலில்தான் பேசினான்.

“அண்ணே, நீங்க இங்கிட்டே நில்லுங்க. நாங்க கோலே போடல. கப்பு ஒங்களுக்கு, தண்ணி எங்களுக்கு. எங்கூருலயும் அந்த ஒத்தக் கெணறுதான் இருக்கு.”

ஆண்டியப்பன் நல்லவன்தான், ஆனாலும் அந்தப் பேச்சு அவனுக்கு இனித்தது. கப் கையில் வரும். பத்திரிகையில் பெயர் வரும். கண்மாய் இன்னும் ஒரு வருஷம் காய்ந்து கிடக்கும்; ஒரு வருஷம் அவன் கோல்கீப்பராகவே இருப்பான். தண்ணீர் உள்ளே வந்தால் கிரவுண்டு போயிற்று, கிளப் போயிற்று. இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு மறுபடியும் மடைக்குள் முங்க வேண்டியதுதான். ஊர் நாசமாய்ப் போகட்டும் என்று ஒரு நிமிஷம் அவன் நிஜமாகவே நினைத்தான்.

உடையப்பன் சொன்ன வாக்கைக் காப்பாற்றினான். அடுத்த பந்து அவன் காலுக்கு வந்தது. முன்னால் தடுக்க ஆளே இல்லை. ஓங்கி உதைத்திருந்தால் வலை கட்டியிருந்தாலும் கிழிந்திருக்கும். அவனோ விருந்தாளிக்குச் சொம்பு நீட்டுகிற பதத்தில் பந்தை ஆண்டியப்பனின் கைக்குள் தட்டிவிட்டான். தொட்டிலில் கிடக்கிற பிள்ளைகூடப் பிடித்திருக்கும். கூட்டம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. செட்டியார் கையை உயர்த்திக் கும்பிட்டார். டெபுடி கலெக்டரும் கை தட்டினார்.

அந்தக் கைத்தட்டலில்தான் ஆண்டியப்பனுக்கு உடம்பு கூசியது. எத்தனையோ பந்துக்கு முட்டியும் முழங்கையும் பெயர்த்துக்கொண்டு பாய்ந்திருக்கிறான். அப்போதும் இதே சத்தம்தான் வந்தது. திருட்டுப் பந்துக்கும் அதே சத்தம் என்றால் இத்தனை நாள் கேட்டதற்கு என்ன அர்த்தம் என்று நினைத்தான். கண்ணாத்தாள் கம்பத்தோரம் குடத்தோடு நின்றபடி பொழுதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆண்டியப்பன் பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு மேற்கே ஓடினான்.

பந்தைப் போட்டுவிட்டு ஓடியிருக்கலாம். போட்டால் காலிக் கோலில் அடித்துவிடுவார்கள் என்ற கணக்கும் உள்ளே இருந்தது. அவன் ஒன்றும் தியாகி இல்லை. ரெபரி விசிலை ஊதிக்கொண்டு பின்னால் ஓடினார். ரெபரியின் பின்னால் இருபத்தோரு ஆட்டக்காரர்கள், அவர்கள் பின்னால் இரண்டு ஊர்க் கூட்டம், கடைசியில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு செட்டியார். நாற்காலியில் டெபுடி கலெக்டரும் மேஜைமேல் கப்பும் மட்டும் மிஞ்சின.

அணைக்கு இந்தப் பக்கம் தூசி பறந்தது. அந்தப் பக்கம் செம்மண் தண்ணீர் நுரையோடு நின்றது. கொத்தவயல் பெரியவர்கள் நாலு பேர் குத்தவைத்துப் பொழுதைப் பார்த்தபடி இருந்தார்கள். ஆண்டியப்பன் பந்தை வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்தான். வெட்டினான். அணை அசையவில்லை. எந்தப் பாவி இவ்வளவு கெட்டியாகக் கட்டினானோ என்று தன்னையே திட்டிக்கொண்டு வெட்டினான். கூட்டம் வந்து சேர்ந்து சுற்றி நின்றது. நூறு பேருக்குக் கை துறுதுறுத்தும் ஒருவர் தொடவில்லை. பொழுது பாதி இறங்கி, முக்கால் இறங்கி, விளிம்பு மட்டும் தெரிந்தபோது ஒரு கல் பெயர்ந்து உருண்டது. அந்த ஓட்டையில் தண்ணீர் நுழைந்து, பிறகு அணையைத் தானே பெயர்த்துக்கொண்டு இறங்கியது.

கொத்தவயல் பெரியவர்கள் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்கள். முறை முறைதான், நிறைஞ்சதும் எங்க பக்கம் விட்டுருங்க என்று ஒருவர் சொல்லிவிட்டு நடந்தார். மூச்சிரைக்க நின்ற ரெபரி, பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியதால் ஆட்டம் கொத்தவயலுக்குப் போகிறது என்று தீர்ப்புச் சொன்னார். நெடுங்கரையில் பாதிப் பேருக்கு அது காதிலேயே விழவில்லை. உடையப்பன் போய்க் கப்பை வாங்கிக்கொண்டான். வாங்கும்போது அவன் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

முதலில் வெடிப்புகள் குடித்தன. அவை வாய் நிறைந்த பிறகுதான் தண்ணீர் பரவ ஆரம்பித்தது. சுண்ணாம்புக் கோடு கரைந்தது. ஊர் மொத்தமும் கண்மாய்க்குள் இறங்கி நின்றுகொண்டு யார் யார் கையையோ பிடித்துக்கொண்டது. செட்டியார் கணுக்கால் தண்ணீரில் வெகுநேரம் நின்றார். பிறகு குனிந்து ஒரு கை அள்ளி முகத்தைக் கழுவிக்கொண்டார். வெட்டியவன் எங்கே என்று யாரும் தேடவில்லை.

ஆண்டியப்பன் உடைந்த அணையோரம் உட்கார்ந்து அழுதான். தண்ணீர் வந்த சந்தோஷம் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். கண்ணாத்தாள் அப்படி நினைக்கவில்லை. குடத்தைக் கழுவிவிட்டு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“இனிமே கிரவுண்டு இல்ல,” என்றான் அவன்.

“தெரியுங்க.”

“நான் ஆடுறத ஒரு தடவயாச்சும் நீ பாத்ததில்லயே.”

“ஆட்டம் நடக்கையிலதான் அங்க கெணத்துல கூட்டம் இருக்காது, நான் தண்ணிக்குப் போயிருவேன்,” என்றாள் கண்ணாத்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்து, மெதுவாகச் சொன்னாள். “இன்னைக்கித்தான் ஒண்ணு பாத்தேன். கடைசியா அந்தப் பய அடிச்சான் பாருங்க, அது. நல்லாத்தான் புடிச்சீங்க.”

ஆண்டியப்பன் தலையை ஆட்டினான். அது பிடித்த பந்து அல்ல என்று அவளிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.